தேன் தொட்ட கிழங்கு

பிற்பகல் மூன்றேகாலுக்கு, சீவிய பச்சைக் கிழங்கின் பால் வாசம் முற்றம் முழுக்க நிறைந்திருந்த வேளையில், என் தங்கை செல்வி தலை சுற்றுகிறது என்று சொல்லி அம்மாவின் மடியில் சாய்ந்தாள். அவளுக்கு ஆறு வயது, எனக்குப் பத்து.

மலைமேல் குண்டூர் நாட்டில் இருந்த எங்கள் மரவள்ளிக் காட்டின் நடுவில் வீட்டுக்கான இனிப்புக் கிழங்கும், காட்டுப்பன்றி உள்ளே வராமலிருக்க ஓரங்களில் "மில்லுக் கிழங்கு" என்ற கசப்பு வகையும் நட்டிருப்போம். கசப்பு வகை லாரியேறி அடிவாரத்து ஜவ்வரிசி மில்லுக்குப் போய்விடும். இனிப்பு வகையைத் தோண்டிய கையோடு சீவி, மலைத்தேனில் தொட்டுப் பச்சையாகவே தின்போம். அன்று லாரி முன்கூட்டியே வந்துவிட, அவசரத்தில் இரண்டையும் பிடுங்கி ஒரே குவியலாகப் போட்டார்கள். தோலைச் சீவிவிட்டால் இரண்டும் ஒரே வெள்ளைதான். தேன் மட்டும் இல்லாதிருந்தால், செல்வியின் நாக்கு அந்தக் கசப்பைத் துப்பியிருக்கும்.

அப்பா லாரியோடு கீழே போயிருந்தார். "கெழங்கு மப்புதான் கண்ணு, தூங்கி எந்திரிச்சா போயிரும்" என்றாள் அம்மா. எங்கள் ஊரில் எல்லோருக்கும் எப்போதாவது வந்துபோகிற மயக்கம் அது. ஆனால் செல்விக்கு, ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்கியது.

"அம்மா, கூப்பிட்டாப் பேச மாட்டேங்குதும்மா."

"கன்னத்தப் பாரு, எப்படிச் செவந்து கெடக்குது! சீக்குக்காரப் புள்ள மொகமா இது?"

நானும் பார்த்தேன். நம்பினேன்.

கல்லூரியில் தாவரவியல் படித்தபோதுதான் அந்தச் சிவப்பு எனக்குப் புரிந்தது. கிழங்கின் ஒவ்வொரு செல்லிலும் வாக்குவோல் என்ற நீர்ப்பைக்குள் நஞ்சின் மூலப்பொருள் அடைபட்டிருக்கிறது. அதை நஞ்சாக்கும் நொதியோ செல்சுவரில் தனியே இருக்கிறது. கடித்து மெல்லும்போது பை உடைந்து இரண்டும் கலக்க, சயனைடு பிறக்கிறது. அது நம் செல்களின் மைட்டோகாண்டிரியாவில், உணவை ஆற்றலாக்கும் அந்தச் சின்னஞ்சிறு அடுப்புகளில், போய் உட்கார்ந்துகொள்கிறது. உட்கரு அப்படியே இருக்கும், சவ்வு அப்படியே இருக்கும், அடுப்பு மட்டும் அணைந்துவிடும். இரத்தம் கொண்டுவந்த ஆக்சிஜனை வாங்க முடியாமல் செல் பட்டினி கிடக்க, இரத்தம் சிவந்தபடியே திரும்பிப் போகும். அதைத்தான் அம்மா ஆரோக்கியம் என்று நினைத்தாள். அவள் சாகும்வரை இதை நான் அவளிடம் சொல்லவில்லை.

காட்டின் ஓரங்களில் இப்போது மில்லுக் கிழங்கு இல்லை, மிளகுக் கொடிகள் ஏறியிருக்கின்றன. பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் செல் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கும்போது நான் அடுக்களைக்குப் போய்விடுகிறேன். பகலில் அவள் சற்றுக் கண்ணயர்ந்தாலும் உலுக்கி எழுப்பி ஒரு வார்த்தை பேசவைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது. "உனக்கு வேற வேலையே இல்லியாம்மா?" என்று எரிந்து விழுகிறாள். விழட்டும்.

அன்று சாயங்காலம் செல்விக்கு வலிப்பு வந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரர் ஜீப் தேடி வாசலூர்பட்டிக்கு ஓடினார். ஜீப் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விளக்கேற்றும் நேரத்தில் அப்பா வந்தார். வாசலில் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். அவர் கூட்டத்தை விலக்கி, அம்மாவின் மடியை எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதுக்குள்ள தூங்கிருச்சா சாமி? செரி, எழுப்பாதீங்க."