ஐந்தரை மணிக் கூட்டம்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்குப் புழக்கம் இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் பெண்களுக்கும், ஊர்த் தொழிலாளர் இயக்க அலுவலகத்துத் தோழர்களுக்கும், சுவர் சுவராகப் பெயிண்ட் அடித்து முதுகைக் கெடுத்துக்கொண்ட கணவனுக்கும் அவள் கேள்வியக்காதான். கட்டின பெண்டாட்டியை அக்கா என்று கூப்பிடுவது என்ன முறை என்று நீங்கள் கேட்க வேண்டாம். அதையும் அவளே கேட்டு முடித்துவிட்டாள்.

வம்புக்குக் கேட்கிறவள் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் அவளுக்கு. குழந்தைகள் வார்டுத் துணிக்கு மட்டும் ஏன் பச்சைக் கரை, டாக்டர் அங்கியில் ஏன் உள்பக்கம் ஒரு பை, மேஸ்திரி ஏன் வெள்ளிக்கிழமை மட்டும் சிரிக்கிறார். பதில் கிடைக்காவிட்டால் தூக்கம் வராது என்றெல்லாம் இல்லை, நன்றாகத் தூங்குவாள். காலையில் எழுந்து மறுபடி கேட்பாள்.

சலவைக்கூடத்துக்கு இரண்டு பாதி. மெஷினிலிருந்து வெளியே வரும் துணியை மடிப்பதும் இஸ்திரி போடுவதும் சுத்தப் பக்கம். வார்டுகளிலிருந்து தள்ளுவண்டியில் வரும் மூட்டைகளைப் பிரித்து, விரிப்பு தனி, அங்கி தனி, துண்டு தனி என்று போடுவது அழுக்குப் பக்கம். இந்தப் பக்கத்தில் கேள்வியக்காவோடு பன்னிரண்டு பெண்கள், எல்லாரும் ஒப்பந்தக்காரர் ஆட்கள், இயக்க உறுப்பினர்கள். மூட்டைக்குள் ரத்தமும் மலமும் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மூக்குக் கண்ணாடி இருக்கும், பல்செட் இருக்கும், ஒருமுறை மோதிரமே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடிய கேள்வியக்காவை, முன்படியில் ஏன் ஏறினாய் என்று காவலாளி கேட்டான். அவளைப் பிறர் கேள்வி கேட்ட அபூர்வமான சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

ஊசியும் இருக்கும். மூன்று வாரத்துக்கு முன்னால், மூட்டை பிரிக்கும் மேஜையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் நாத்தனாரின் உள்ளங்கையில் ஒன்று ஏறிவிட்டது. யாருக்குப் போட்ட ஊசி என்று யாருக்கும் தெரியாது. மருந்து கொடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்தால்தான் நோய் எதுவும் தொற்றவில்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார்கள். தொட்டால் ஒட்டாது, பயப்படாதீர்கள் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியும் நாத்தனார் தன் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். இரண்டு வயது மகள் முத்தம் கொடுக்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதைக் கேள்வியக்கா தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்தாள். மூட்டை கட்டுவதற்கு முன்னால் வார்டிலேயே துணியை உதறிப் பார்க்க வேண்டும். அழுக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தடித்த கையுறை வேண்டும். இந்த மாதக் கூட்டத்தில் நிறைவேறினால் ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் போகும் கோரிக்கைப் பட்டியலில் அது இடம்பெறும். இல்லாவிட்டால் அடுத்த பேச்சுவார்த்தை இரண்டு வருடம் கழித்துத்தான். தோழர்கள் எல்லாரும் நல்ல தீர்மானம் என்றார்கள். சிக்கல் ஒன்றே ஒன்று. எழுதிக் கொடுத்தவளுக்கு ஓட்டு இல்லை.

உறுப்பினர் இல்லையா என்றால், பதினான்கு வருடமாக உறுப்பினர். ஊர்வலம் என்றால் முதல் வரிசையில் பதாகையின் இடது கோலைப் பிடிப்பது அவள்தான். இயக்கத்தின் சுவர்க் காலண்டரில் நான்கு மாதங்களுக்கு அவள் முகம் இருக்கிறது. ஆனால் கூட்டம் ஐந்தரைக்கு. ஐந்தரைக்கு வருகைப் பதிவேட்டை மூடிவிடுவார்கள். அதில் கையெழுத்து இல்லாதவர் பார்வையாளர். சலவைக்கூடம் விடுவது ஆறு மணிக்கு. கையைத் தேய்த்துக் கழுவி, உடை மாற்றி, நடந்து வந்து சேர ஆறு இருபது. பதினான்கு வருடமாக அவள் கடைசி பெஞ்சுப் பார்வையாளர்.

இது ஏன் என்று அவள் இதுவரை கேட்காததுதான் ஆச்சரியம். மழை ஏன் மேலிருந்து பெய்கிறது என்று யாரும் கேட்பதில்லை அல்லவா, அந்த மாதிரி விட்டிருந்தாள். ஊசி வந்து குத்தியதும் கேட்கத் தொடங்கினாள்.

முதலில் செயலாளரைப் பிடித்தாள். அவர் தங்கமான மனிதர், மூன்று முறை சிறை போனவர்.

"ஐந்தரைன்னு யாரு வெச்சது தோழர்?"

"அது எப்பவும் அப்படித்தானே."

"எப்பவும்னா எப்பலேர்ந்து?"

"பழைய மினிட் புத்தகத்துல இருக்கும். வேணும்னா பாருங்க," என்று பீரோச் சாவியைக் கொடுத்துவிட்டார். கொடுத்திருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அலுவலகத்தில் தும்மிக்கொண்டே உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, பதினோரு புத்தகம் புரட்டினாள். வார்டு ஊழியர்களான ஆண்கள்தான் தங்கள் வசதிக்கு வைத்திருப்பார்கள் என்பது அவள் கணக்கு. வார்டு ஊழியர்கள் நிரந்தரப் பணி, ஐந்து மணிக்கு விடுதலை. எட்டாவது புத்தகத்தில் அகப்பட்டது. "பெண் தோழர்கள் இருட்டுவதற்குள் பத்திரமாக வீடு திரும்பும் பொருட்டு, கூட்டம் மாலை ஐந்தரைக்குத் தொடங்கும். தாமதமாக வருவோர் பார்வையாளர். ஏகமனதாக நிறைவேறியது." முன்மொழிந்தவர் பேராசிரியை.

கேள்வியக்காவுக்குக் கோபம் வரவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். கீழே நான்கு பெண்களின் கையெழுத்து இருந்தது. இரண்டு பேர் பள்ளி ஆசிரியைகள், ஒருவர் வங்கி, இன்னொருவர் பேராசிரியை. இத்தனை வருடமும் தன்னை வெளியே உட்கார வைத்தது பெண்களுக்காகப் போட்ட விதி என்றால், அப்போது தான் என்னவாம்? அதைத்தான் அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள்.

பேராசிரியை மாதம் ஒருமுறை அரசியல் வகுப்பு எடுப்பவர். வக்கீல் வீட்டுப் பெண், ஆனால் துளிப் பகட்டு கிடையாது. ஒருத்தி ஏழை, பெண், அதிலும் ஒப்பந்தக்கூலி என்றால் மூன்றும் ஒரே தலையில் எப்படி இறங்குகிறது என்று பலகையில் மூன்று வட்டம் போட்டு, மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தைச் சாக்பீஸால் நிரப்பிக் காட்டுவார். அந்த வகுப்பு கேள்வியக்காவுக்கு ரொம்பப் பிடிக்கும். தன்னை யாரோ படம் வரைந்த மாதிரி இருக்கும். அடுத்த வகுப்பில் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், அந்த நடுவுல இருக்கறவ எத்தனை மணிக்கு வேலை விட்டு வருவா?"

எல்லாரும் சிரித்தார்கள். பேராசிரியையும் சிரித்து, "அருமையான கேள்வி," என்று நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். படித்தவர்களிடம் இது ஒரு வசதி. குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கூட்டத்தன்று சலவைக்கூடத்தில் சதி நடந்தது. கேள்வியக்காவின் பங்கு மூட்டைகளைப் பதினொரு பேரும் பிரித்து எடுத்துக்கொண்டார்கள்.

"அண்ணி, நீங்க கெளம்புங்க. மேஸ்திரி கேட்டா கக்கூஸ் போயிருக்காங்கன்னு சொல்லிக்கறோம்," என்றாள் நாத்தனார்.

"ஒரு மணி நேரமாவா?"

"வயிறு சரியில்லன்னு சொல்லுவோம். அதுக்கு மேல அந்தாளு கேக்க மாட்டாரு."

ஐந்து இருபதுக்கே அவள் படியேறினாள். பதினான்கு வருடத்தில் முதல்முறையாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது. பிறகு அவள் கண்ட காட்சிதான் விசேஷம். ஐந்தரைக்குப் பதிவேட்டை மூடினார்கள், கூட்டம் தொடங்கவில்லை. டீ வந்தது. ஆங்காங்கே இரண்டு பேர் மூன்று பேராக நின்று பேசினார்கள். எது எடுபடும், எதற்கு யார் கை தூக்குவார்கள் என்பதெல்லாம் அந்த டீயிலேயே கரைந்து முடிந்துகொண்டிருந்தது. ஐந்தே முக்காலுக்கு மணியடித்தபோது முடிவு செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சம் இல்லை. ஓகோ, கடையை இங்கேதான் விரிக்கிறார்களா என்று நினைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் கடைசி பெஞ்சிலேயே போய் உட்கார்ந்தாள்.

தீர்மானத்தைப் படித்ததும் ஒற்றுமையண்ணன் எழுந்தார். வார்டு ஊழியர்களில் மூத்தவர்; எதற்கெடுத்தாலும் ஒற்றுமை முக்கியம் என்று தொடங்குவதால் வந்த பேர்.

"ஒற்றுமை முக்கியம் தோழர்களே. கையுறை கேக்கலாம், தப்பில்ல. ஆனா வார்டுல உதறிப் பாக்கணும்னு எழுதினா, ஊசியை விட்டது நாமதான்னு நாமளே ஒத்துக்கற மாதிரி ஆயிடும். நிர்வாகம் நம்மாளுங்களுக்கு மெமோ குடுக்கும். தொழிலாளியைத் தொழிலாளியே காட்டிக் குடுக்கலாமா?"

அவர் சொன்னதிலும் பயம் இருந்தது, நியாயமான பயம். கேள்வியக்காவுக்கே அது புரிந்தது. எழுந்து நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு தெரிஞ்சுக்கணும். நீங்க துணியை உதறினா ஊசி தரையில விழும், உங்க கண்ணுக்குத் தெரியும். நாங்க பிரிச்சா கையில ஏறும். உங்களுக்கு வர்றது மெமோ. என் நாத்தனாருக்கு என்ன வந்திருக்குன்னு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும். இதுல யாரு யாரைக் காட்டிக் குடுக்கறாங்க?"

ஒற்றுமையண்ணன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆனாலும் டீ நேரத்தில் பேசி முடித்தது பேசி முடித்ததுதான். கைகள் தூக்கப்பட்டன. செயலாளர் எண்ணினார்.

"ஆதரவு ஏழு, எதிர்ப்பு ஒன்பது."

"தோழர், என்னை எண்ணலையே," என்றாள் கேள்வியக்கா. அவள் கை இன்னும் மேலேதான் இருந்தது.

செயலாளர் திடுக்கிட்டார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. கடைசி பெஞ்சுக்கு முன்னாலேயே நின்றுவிட அவர் கண் பதினான்கு வருடமாகப் பழகியிருந்தது, அவ்வளவுதான். காது மடல் சிவக்க, "மன்னிச்சுக்குங்க தோழர்," என்று திருத்தினார். "ஆதரவு எட்டு. எதிர்ப்பு ஒன்பது."

ஒரு கையில் தோற்றது. எட்டுக்கு ஒன்பது என்று எழுதிக்கொண்டிருந்த செயலாளரிடம் அவள் கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

"இன்னும் பதினோரு பேர் மூட்டை பிரிச்சிட்டு இருக்காங்களே. அவங்க கையை எந்தப் பக்கம் எழுதுவீங்க?"

எட்டாவது புத்தகத்தில் யார் முன்மொழிந்தது என்று அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. பேராசிரியையின் முகம் வெளுத்திருந்தது. அவருக்கு நினைவு வந்துவிட்டது. மெல்ல எழுந்தார்.

"இந்த ஓட்டெடுப்பைத் தள்ளி வெச்சு மறுபடி நடத்தணும்னு கேட்டுக்கறேன். நாளன்னிக்குக் கூடுவோம். ஏழு மணிக்கு."

"விதிப்படி ஐந்தரைதானே தோழர்?" என்றார் செயலாளர்.

"அந்த விதியை எழுதினது நான்தான்," என்றார் பேராசிரியை. "பெண்களுக்காகத்தான் எழுதினேன். யாரு பெண்கள்னு நான் யோசிக்கல." யாரும் மறுத்துப் பேசவில்லை, ஒற்றுமையண்ணன் உட்பட. ஏழு மணி என்று செயலாளர் எழுதினார்.

கேள்வியக்கா கணக்குப் போட்டாள். நாளை மறுநாள் பன்னிரண்டு கைகள். நாத்தனாருக்குச் சொல்ல ஓட வேண்டும் என்று கால் பரபரத்தது. ஆனால் வாசல்வரை போனவளுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. பேராசிரியை குடியிருப்பது நகரத்தின் அந்தக் கோடியில். அங்கே போகும் கடைசி பஸ் ஏழு பத்துக்கு. திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"டீச்சர், கூட்டமே ஏழு மணிக்குன்னா, நீங்க எப்படி வீட்டுக்குப் போவீங்க?"

பேராசிரியை கையிலிருந்த நோட்டைத் திறந்து, எதையும் குறிக்காமல் மூடினார். பதினான்கு வருடத்தில் இந்தக் கேள்வியை அவர் ஒருநாளும் கேள்வியக்காவிடம் கேட்டதில்லை.