பொட்டு வைக்காத குல்சும்

பொட்டு வைக்கும் வழக்கமில்லாத குல்சும், அட்டையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் கிள்ளியெடுத்து, பெண்கள் கழிவறைக் கண்ணாடியில் தன் வரிசையின் உச்சியில் ஒட்டுகிறாள். கட்டைவிரலால் ஓர் அழுத்து. "ஜோஷ்வாவும் ஆபரேட்டர் ஆயிட்டான்" என்கிறாள், சாவு சொல்லும் குரலில்.

கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் மூடி வார்க்கும் கம்பெனி அது. மகளிர் தினத்துக்குப் பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பொட்டு அட்டை பரிசு. பழவேற்காட்டு முஸ்லிம் வீட்டுப் பெண் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று நிர்வாகம் யோசிக்கவில்லை. அவள் யோசித்தாள்.

கண்ணாடியின் அடியில் ஹெல்பர் பெண்களின் பெயர்கள், கண்மையில். ஒருத்தி மெஷின் பழக்கிய பையன் ஆபரேட்டர் ஆனால் அவள் பெயருக்கு மேல் ஒரு சிவப்பு. அவளே ஆபரேட்டர் ஆனால் கறுப்பு. சிவப்பு, தூண் தூணாக ஏறி நிற்கிறது. கறுப்பு அட்டை பிரிக்கப்படாமலே கண்ணாடிச் சட்டத்தில் செருகிக் கிடக்கிறது. ஆண்களைப் பற்றிய வரைபடம், ஆண்கள் நுழைய முடியாத ஒரே சுவரில்.

"மூஞ்சே தெரியலக்கா" என்று சலித்துக்கொள்வாள் ஹெல்பர் பூமிகா, தூண்களுக்கிடையே கழுத்தைச் சாய்த்து.

"எனுக்கு மட்டும் தெரியுதா? குனிஞ்சி பாரு."

பையன்களுக்கும் அதே பாடம்தான். மூடி அச்சில் சிக்கினால், "குனி, தம்பி. கண்ணு அங்க, கை இங்க." ஐடிஐ முடித்து வந்த புதிதில் "அக்கா, அக்கா" என்று குனிவார்கள். ஆபரேட்டராகி ஹெல்மெட் நிறம் மாறியதும் "இன்னா குல்சும்" என்பார்கள். அவளும் 'தம்பி'யை விட்டு 'சார்' சொல்லப் பழகிக்கொள்வாள்.

வியாழக்கிழமை, கழிவறை வாசலில் வெள்ளை ஹெல்மெட்டோடு பாக்கியராஜ் நின்றான். ஷிப்ட் இன்சார்ஜ். அவளிடம் மெஷின் பழகிய முதல் பையன்.

"இன்னா குல்சும், பேஜாரு பண்ணிக்கினு கீற? நாளிக்கு வெளிநாட்டு ஆடிட்டு. வர்ற ரெண்டு பேரும் லேடீஸ். உள்ள இன்னாத்தையோ ஒட்டி வச்சிகீறியாம், எச்ஆர் காயத்ரி மேடம் போட்டோ காட்னாங்க."

"பொட்டு சார். கம்பெனி குடுத்தது."

"தெரியும், தெரியும். சொரண்டிட்டு வா. உன்ன ஆபரேட்டரா போட எழுதிக்கீறேன், கையெழுத்துதான் பாக்கி. கண்ணாடி கிளீனா இருந்தா போட்ருவேன். இல்லினா இந்த ஜென்மத்துல ஹெல்பர்தான்."

அவன் புரட்டு பேசுகிறவன் அல்ல. படத்தின் முதல் கறுப்புப் பொட்டு அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒட்டுவதற்குத்தான் படம் இருக்காது.

மூடியில் பிசிறு சீவும் பிளேடோடு குல்சும் உள்ளே போனாள். தலை சீவிக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கினார்கள். பூமிகா சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டுப் பார்த்தாள். ஷிப்ட் சங்கு ஊதியது.

பிளேடு அவளுடைய தூணின் அடிப்பொட்டில் போய் நின்றது. மற்ற எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்த, முதல் பையனுக்கு ஒட்டிய, ஓரம் சுருண்ட பழைய சிவப்பு. அதன் கீழே மெல்ல நுழைத்து, கிழியாமல் தூக்கி, விரல் நுனியில் ஏந்திக்கொண்டாள். மற்றதெல்லாம் இருந்தபடி இருக்க, வெளியே வந்தாள்.

"ஆச்சா?" என்றான் பாக்கியராஜ்.

"குனி, தம்பி."

பழைய பழக்கம், குனிந்துவிட்டான். வெள்ளை ஹெல்மெட்டின் நெற்றியில் அந்தப் பொட்டை வைத்து, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினாள்.