ஒன்று அல்லது இரண்டு: ஓநாய்க் கடிதங்கள்

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் நான் பார்த்த முதல் வேலை, அமெரிக்கர்கள் கையால் எழுதிய கடிதங்களை கம்ப்யூட்டரில் அடிப்பது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். அந்த நாட்டில் சுட்டும் விஷம் வைத்தும் ஏறக்குறைய ஒழித்துவிட்ட ஓநாய்கள், சட்டத்தின் பாதுகாப்பில் மறுபடி பெருகியிருந்தன. இனி அந்தப் பாதுகாப்பை எடுத்துவிடலாமா என்று அரசாங்கம் மக்களைக் கேட்டிருந்தது. ஸ்கேன் செய்த பதில்கள் ஒப்பந்த வேலையாக எங்கள் ஆபீசுக்கு வந்தன. அடித்து முடித்ததும், எடுக்கலாம் என்றால் ஒன்று, கூடாது என்றால் இரண்டு போட வேண்டும்.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் இருந்த எனக்கு ஓநாய் என்றால் பாடப்புத்தகப் படம்தான். முதல் வாரம் அந்தக் கையெழுத்துகளோடு மல்லுக்கட்டுவதிலேயே போயிற்று.

பிறகு ஒரு பண்ணைக்காரக் கிழவியின் கடிதம் வந்தது. அவளுடைய இரண்டு கன்றுகளை ஓநாய்கள் கொன்றிருந்தன. பாதுகாப்பை எடுங்கள், என் மாடுகளை நான் காப்பாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தாள். அடுத்த பக்கத்தில், அந்தப் பள்ளத்தாக்கின் கடைசி ஓநாயைச் சுட்டது தன் அப்பாதான் என்றிருந்தது. போன குளிர்காலத்தில் ஒரு விடியற்காலை, வாழ்நாளில் முதல்முறையாக அவை ஊளையிடுவதைக் கேட்டாளாம். அது ஓயும்வரை பனியில் வெறுங்காலோடு நின்றாளாம்.

எந்த எண்ணைப் போடுவதென்று தெரியாமல் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். திருவனந்தபுரம் சாலை பஜார் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பெண், அக்காவை மலையாளத்தில் அழைப்பதுபோல் எங்களுக்கு சேச்சி. நின்றபடியே முழுவதையும் வாசித்தார்.

"அவ கேட்டது என்ன?"

"பாதுகாப்பை எடுக்கணும்னு."

"அப்ப ஒண்ணு போடு." போகாமல் நின்றார். "ஆனா ஒரு எழுத்து விடாம அடிக்கணும், கேட்டோ."

மறுநாள் மதியம், ஓநாய் ஊளையைக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது என்று சேச்சியிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ ஹைவே ஓரத்து பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போனார். ஒரே ஹெட்போனை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டோம். முதலில் ஒரு குரல், தனியாக, நீளமாக. அது முடியுமுன் வேறொன்று. அப்புறம் எத்தனை என்று சொல்ல முடியவில்லை. வெளியே லாரிகளின் ஹாரன் கேட்டதாகவே நினைவில்லை. சேச்சி முன்கையை நீட்டிக் காட்டினார். ரோமமெல்லாம் எழுந்து நின்றது. எனக்கும் அப்படித்தான்.

அப்புறம் பாதுகாப்பை எடுத்தார்கள், கோர்ட் திருப்பிக் கொடுத்தது, மறுபடி எடுத்தார்கள் என்று செய்திகளில் படித்தேன். அதற்குள் நான் வேலை மாறியிருந்தேன். சேச்சிக்கு போன் செய்து சொன்னபோது, அந்தக் கிழவி உயிரோடு இருக்கிறாளோ என்னவோ என்றார்.