செப்டெம்பர் பதினைந்தில் நின்ற கொம்பியூட்டர்

கனகசபாபதி மாமாவை வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்காரர் எல்லோருக்கும் தெரியும். அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் தமிழ்த் தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எங்களுக்குக் கீழ்மாடியில், முன்னறையில் ஒரு கொம்பியூட்டரை வைத்து விண்ணப்பம், முறைப்பாடு, கலியாணக் குறிப்பு என்று அடித்துக் கொடுப்பார். அவருடைய மகன் யோகன் இன்னும் வீடு வரவில்லை. ஏன் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான் கூடப் போனவள். அதனால் எழுதுகிறேன்.

தொடக்கம் நல்ல காரியந்தான். ரொறன்ரோவில் இருக்கும் நோபேட் என்பவர், முன்னாள் கொட்டாஞ்சேனைக்காரர், தமிழில் எழுத ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தார். விற்பனைக்கு விடுமுன் அதைப் பாவித்துப் பிழை சொல்ல ஆட்கள் வேண்டும் என்று இணையத்தில் கேட்டிருந்தார். சம்பளம் இல்லை. முடிவில் நன்றி சொல்லும் இடத்தில் பெயர் வரும். மாமா உடனே எழுதிப் போட்டார்.

"பிள்ளை, நான் இப்ப பீட்டா டெஸ்டர்," என்றார் என்னிடம்.

"டொக்டர் சொன்ன இரத்த டெஸ்டுக்குப் போகமாட்டார். இதுக்கு மட்டும் ஓடுவார்," என்றார் அவர் மனைவி பத்மாவதி மாமி.

மாமா விளையாட்டாகச் செய்யவில்லை. வரி முடிவில் கொம்பு தனியே பிரிந்து நிற்பதைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு தாளின் அடியிலும் அன்றைய திகதி தானாக அச்சாவதையும், அதை நிறுத்த வழியில்லாததையும் எழுதினார். 'அடுத்த பதிப்பில் திருத்துறன் அண்ணை' என்று நோபேட் பதில் போட்டார்.

அடுத்த பதிப்பு வரவில்லை. கையிலிருந்த பரீட்சார்த்தப் பதிப்போ இரண்டாயிரமாம் ஆண்டு செப்டெம்பர் முடிவோடு திறக்க மறுத்தது. அதில் அடித்தது வேறு எதிலும் திறக்காது. ஊரவர்களின் வேலை எல்லாம் அதற்குள். கொம்பியூட்டரின் திகதியைப் பின்னுக்குத் தள்ளினால் அது ஏமாந்து திறக்கிறது என்று மாமா கண்டுகொண்டார். அதன்பிறகு அவருடைய முன்னறையில் எந்நாளும் செப்டெம்பர் பதினைந்து. தாளின் அடியில் விழும் அந்தத் திகதியை அடிமட்டம் வைத்துக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவார். எங்கள் ஒழுங்கையிலிருந்து போன விண்ணப்பங்கள் எல்லாம் அரை விரல் குட்டை.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, புறக்கோட்டைக் கடைக்கு வேலைக்குப் போன யோகனைக் காலி வீதிச் சோதனைச் சாவடியில் பொலிசார் பஸ்ஸால் இறக்கிப் பிடித்துவிட்டார்கள். கூடப் போனவன் ஓடிவந்து சொன்னான். மாமி நிலத்தில் குந்திக் குழறி அழுதார். மாமா கொம்பியூட்டருக்கு முன் உட்கார்ந்தார். மகன் யார், எங்கே வேலை, அடையாள அட்டை இலக்கம் என்ன என்று அடித்தார். தாள் வெளியே வந்ததும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். கத்தரிக்கோல் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

"ஆம்பிளைப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகேலாது, அவங்களையும் பிடிச்சுப்போடுவாங்கள். உனக்குச் சிங்களம் ஓடும். வாறியே பிள்ளை?" என்று மாமா என்னைக் கேட்டார்.

நான் ஏ.எல். சோதனை எழுதிவிட்டுச் சும்மா இருந்தவள். போனேன்.

பொலிஸ் நிலையத்தின் உள்ளே, வாங்கில் குந்தியிருந்த யோகனின் நீலச் சேட் தெரிந்தது. மாமா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி தாளை வாங்கினார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் தாளில் அவரால் வாசிக்க முடிந்தது இலக்கங்களை மட்டுந்தான். விரலை அடியில் வைத்தார்.

"நங்கி, உள்ள இருக்கிறவனை இண்டைக்குத்தானே பிடிச்சது. தகப்பன் செப்டெம்பர்லயே கடிதம் எழுதியிருக்கிறார். பிடிபடுவான் எண்டு முதல்லயே தெரியுமா?"

மாமாவுக்கு மொழிபெயர்த்தேன். மென்பொருள், பரீட்சார்த்தம், காலாவதி எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

"யார் செய்த புரோகிராம்?"

"கனடாவில ஒருத்தர், சேர்."

அவர் பேனையை மேசையில் வைத்தார். "எவ்வளவு சல்லி தாறான்?"

"ஒண்டுமில்லை. சும்மா செய்யிறார்."

"கனடாக்காரனுக்கு, சும்மா?" பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்தார். கனடாத் தமிழர் என்றாலே அவர்களுக்குப் புலிச் சந்தேகம்.

நான் உண்மை சொல்லச் சொல்ல யோகன் தூரமாகிக்கொண்டிருந்தான். இங்கேயே சிங்களத்தில் கையால் எழுதித் தருகிறேன் என்று கெஞ்சினேன். "முதல்ல மெஷின். நாளைக்குக் கொண்டு வாங்க. அதுக்குப் பிறகு கடிதம்," என்றார்.

மறுநாள் காலை முச்சக்கர வண்டியில் மொனிற்றர் மாமாவின் மடியில், பெட்டி என் மடியில். நிலையத்தில் வயர்களைப் பொருத்திப் பூட்டினோம். மாமா சரியான திகதியைப் போட்டார். 'பரீட்சார்த்தக் காலம் முடிந்துவிட்டது, உதவிக்கு நன்றி' என்று ஆங்கிலத்தில் வந்தது. செப்டெம்பர் பதினைந்தைப் போட்டார். திறந்தது. அதிகாரி தானே இரண்டு தரம் செய்து பார்த்தார்.

"உண்மைதான். ஆனா திகதியை மாத்திக் கடிதம் அடிக்கிற மெஷின் இது. இங்க இருக்கட்டும்," என்றார்.

நான் எழுதினேன். மாமா கையொப்பம் வைத்தார். அதிகாரி முத்திரை குத்திவிட்டுச் சொன்னார்: "மகன் இங்க இல்ல. விடியக் காலமை வேற இடத்துக்கு அனுப்பியாச்சு."

மாமா என்னைப் பார்த்தார். அந்த வசனத்தை மட்டும் என்னால் உடனே தமிழில் சொல்ல முடியவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. வாங்கு வெறுமையாக இருந்தது.

இப்போது யோகன் தெற்கே ஒரு தடுப்பு முகாமில். வழக்கு இல்லை, விடுதலையும் இல்லை. மாமி சோறு கட்டிக்கொண்டு போய் வருகிறார். சிலவேளை பார்க்க விடுகிறார்கள். கொம்பியூட்டர் திரும்பி வரவில்லை.

சென்ற மாதம் நோபேட்டின் மென்பொருள், விற்பனைக்கு விட்ட பதிப்பு, குறுந்தட்டில் தபாலில் வந்தது. மாமா அதை என்னிடம் தந்தார். "எங்கையாவது போட்டுப் பார். இன்னும் திகதி விழுதோ?"

தெரிந்த கடை ஒன்றில் போட்டுப் பார்த்தேன். நன்றி சொல்லும் பக்கத்தில் அவர் பெயர் முதலாவதாக இருந்தது. ஒரு தாள் அச்சடித்தேன். அடி வெறுமை.

"விழேல்லை மாமா. சரியாக்கிப்போட்டார்."

"ம்," என்றார். பிறகு, "பேனையை எடு. இன்னொரு மனு எழுதுவம்," என்றார்.

அவர் சொல்ல நான் எழுதினேன். கடைசியில் திகதி போட்டேன். மாமா எழும்பிப் போய்ச் சுவர்க் கலண்டரைப் பார்த்தார். வந்து தாளைப் பார்த்தார். நம்பாமல், குசினிப் பக்கம் திரும்பி, "பத்மா, இண்டைக்கு என்ன திகதி?" என்று கேட்டார்.