நான்காம் பத்தியில் ஒரு வெற்றிலை உரல்

நான் பாதிச் சவரத்தில் இருந்தபோது தொலைக்காட்சியில் அந்த அறிவிப்பு வந்தது. கால் நூற்றாண்டுக்கு முன் நாங்கள் போற்றிப் பார்த்த தொடர் ஒன்று, புதிய நடிகர்களைக் கொண்டு, முதலிலிருந்து மீண்டும் வரப் போகிறதாம். ஒரு கன்னத்தில் நுரையோடு அடுக்களை வாசலில் போய் நின்றேன்.

“கேட்டியா? நம்ம ஆத்தங்கரை வீட்டுக் கதை திரும்ப வருதாம்!”

“வரட்டும். மூஞ்சியத் தொடைங்க, சட்டையில ஒழுகுது” என்றாள் மனைவி.

இத்தகைய செய்திக்கு இவ்வளவுதான் வரவேற்பா என்று எனக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது.

தொடரை அறியாதவர்களுக்காக ஒரு சுருக்கம். தாமிரபரணிக் கரையில் ஒரு கூட்டுக்குடும்பம், சொந்தமாக அரிசி ஆலை, இரண்டு மகன்கள், நாவடக்கம் இல்லாத மாமியார், அவரோடு நாள்தோறும் மல்லுக்கட்டும் மூத்த மருமகள். இரவு ஏழரைக்குள் வீடு சேர்ந்தாக வேண்டுமென்று பயணிகள் ஓட்டுநரை விரட்டியதற்கு நானே சாட்சி. அப்போது நான் பேருந்து நடத்துநர். எனக்கு வாய்த்தது மாஞ்சோலைத் தடம். மாலையில் மலையேறி, இரவு அங்கேயே தங்கி, மறுநாள் இறங்கி வீடு சேர நண்பகலாகிவிடும். ஆகவே வாரத்தில் பெரும்பாலான நாள்களின் கதையைச் சோற்றுக்கு முன் அமர்ந்து மனைவியின் வாய்மொழியாகவே கேட்டேன். கரண்டியைப் பிடித்தபடி அவள் மாமியாராகவும் மருமகளாகவும் மாறி மாறிப் பேசுவாள். அரைமணி நேரக் கதை, தட்டில் மோர் விழுந்த பின்னும் நீளும். ஓய்வு நாள்களில் நானே பார்த்ததும் உண்டு. நான் பார்க்கும் நாள்களில் மட்டும் கதை தொய்ந்து போவது என் போதாத காலம் என்று எண்ணிக்கொள்வேன்.

புதிய தொடர் தொடங்கிய மறுநாள் காலையிலேயே வண்ணார்பேட்டைப் பாத்திரக்கடையில் எங்கள் சபை கூடிவிட்டது. சபை என்றால் மூவர்: கடை உரிமையாளரான அண்ணாச்சி, பாளையங்கோட்டைப் பள்ளியொன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற டீச்சர், நான். காலை நடையை முடித்துக்கொண்டு அங்கே அமர்ந்து பேசுவது எங்கள் நெடுநாள் வழக்கம். ஓய்வுபெற்ற ஒருவனுக்கு அந்த அரைமணி நேரம் எத்தகைய செல்வம் என்பதை ஓய்வுபெற்றவர்களே அறிவர்.

“மாமியாக்காரியப் பாத்தீரா வே?” என்று அண்ணாச்சி தொடங்கினார். “மருமவளுக்குத் தங்கச்சி மாதிரில்லா இருக்கா. பொண்ணு பாக்க வாரவன் இவளத்தான் கேப்பான்.”

“அதாவது போகட்டும்” என்றார் டீச்சர். “சின்ன மருமக, தன் புருஷனோட அண்ணனைப் பாத்து ‘ஏலே’ங்குதா! நம்ம ஊர்ல எந்தப் பொண்ணு அப்படிக் கூப்பிடுதா?”

“நெல்லைத் தமிழாம்லா! வீட்டு நாயையும் ஏலேங்கான், மாப்பிள்ளையையும் ஏலேங்கான்.”

“ஆறும் நம்ம ஆறு இல்ல. கரையில ஒரே ஒரு மருத மரத்தைக் காட்டச் சொல்லுங்க, நான் ஒத்துக்கிடுதேன்.”

வாரங்கள் சென்றன, குறைகள் பெருகின. குடும்பம் பாகம் பிரியும் கட்டம் வந்தபோது எங்கள் பொறுமை முற்றிலும் தீர்ந்தது. இடி இடித்தது, திரைச்சீலைகள் பறந்தன, மூத்த மருமகள் மூன்று நாள் தொடர்ந்து அழுதாள். அப்போது கடைக்கு வந்த ஓர் அம்மாள், “இந்த இட்லிக் கொப்பரைக்கு எத்தனை தட்டு?” என்று கேட்க, “நாலு தட்டும்மா, மூணு நாளா அழுதா, கண்ணு மை கலையலியே” என்று அவருக்கும் எங்களுக்குமான மறுமொழியை அண்ணாச்சி ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அந்த அம்மாள் கொப்பரையைக் கீழே வைத்துவிட்டு, “ஆமா, நானும் பாத்தேன்” என்றார்.

தொலைக்காட்சி நிலையத்தாருக்கு ஒரு மனு எழுதுவது என அன்றே முடிவாயிற்று. எழுதும் பொறுப்பு என்மேல் விழுந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எனினும் மலைத் தங்கலின் தனிமையில் கிடைத்த நூல்களை எல்லாம் வாசித்து, நல்ல உரைநடை எழுதப் பழகியிருந்தேன். பேருந்துக் கோரிக்கை முதல் தெருவிளக்குக் கோரிக்கை வரை எங்கள் பகுதி மனுக்கள் என் கையெழுத்தில்தான் போகும். இரண்டு நாள் உழைத்து ஒன்பது பத்திகளில் அமைத்தேன். அவற்றுள் நான்காம் பத்தியே மனுவின் உயிர் எனக் கருதினேன்.

பழைய தொடரில் பாகம் பிரியும் நாளன்று மாமியார் இளைய மகன் வீட்டுக்குப் போவதாக முடிவாகிறது. வண்டி வாசலில் நிற்கிறது. அதுவரை அந்தக் கிழவியின் வெற்றிலை உரல் எழுப்பும் ஓசைக்காகவே ஆயிரம் சண்டை பிடித்த மூத்த மருமகள், ஒரு சொல்லும் பேசாமல் அந்த உரலைத் தூக்கிக்கொண்டு தன் பகுதிக்குள் போகிறாள். கிழவி வண்டியைப் பார்க்கிறாள். உரல் போன திசையைப் பார்க்கிறாள். “உரலு அங்கன போயிட்டுன்னா நான் எங்கன போவேன்?” என்று முனகியபடி உரலின் பின்னாலேயே நடக்கிறாள். இத்தகைய காட்சியை நீக்கிவிட்டு இடியும் மழையும் வைத்தது தகுமா என்பது நான்காம் பத்தி.

வாசித்துவந்த டீச்சரின் சிவப்புப் பேனா அங்கே நின்றது.

“கண்டக்டரண்ணே, இது எப்ப வந்துச்சு?”

“பாகம் பிரியுத அன்னைக்கு டீச்சர். மறந்துட்டியளா?”

“ஒரு நாள் விடாம பாத்தவ நான். இப்படி ஒண்ணு வரல.”

அண்ணாச்சியும் தாடையைத் தடவினார். “எனக்கும் தட்டுப்படலியே வே. கிழவி வெத்தலை போட்டாளா என்ன?”

எனக்குச் சினம் வந்தது. உரலின் ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. “அந்தக் காட்சி இல்லைன்னு ஆயிட்டுன்னா, இந்த மனுவுலருந்து மட்டுமில்ல, இந்தச் சபையிலருந்தே விலகிக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பின்புதான், நான் பணயம் வைத்தது என் காலைப் பொழுதுகள் முழுவதையும் என்பது உறைத்தது. டீச்சர் வாக்கை வாக்காகவே எடுத்துக்கொள்பவர். “சரி. பொய்யான ஒரு வரிக்குக் கீழ நான் கையெழுத்துப் போட மாட்டேன். தேடிப் பாத்துருவோம்” என்றார்.

வீடு திரும்பி மனைவியிடம் முறையிட்டேன். உவரி அயிலை மீனைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. “விடுங்களேன். பழசும் ஏறக்குறைய இப்படித்தானே இருந்துச்சு” என்றாள்.

“உனக்கு ஞாபகமே பத்தாது” என்று அவளையே கடிந்துகொண்டேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

டீச்சர் விடவில்லை. யாரோ ஒருவர் பழைய தொடரை முழுவதுமாக இணையத்தில் ஏற்றி வைத்திருந்தார். பாகம் பிரியும் பகுதியைத் தேடியெடுத்துத் தம் கைக்கணினியில் கொண்டுவந்தார். குத்துவிளக்குகளுக்கும் குடங்களுக்கும் இடையே அதைச் சாய்த்து வைத்து மூவரும் பார்த்தோம். வண்டி வந்தது. மாமியார் ஏறினார். இளைய மகன் கதவைச் சாத்தினான். மூத்த மருமகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இடியும் இடித்தது. விளம்பரம் வந்துவிட்டது.

“இடி அப்பவே இருந்திருக்கே!” என்றார் அண்ணாச்சி, தாம் ஏமாற்றப்பட்டவரைப் போல.

டீச்சர் கைக்கணினியை மூடி உறையில் போட்டார். நான் எழுந்து வணங்கிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உரல் எங்கே என்று கேட்டேன். எந்த உரல் என்று அவள் கேட்கவில்லை. கீரையைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

“அன்னைக்கு ஏழரைக்குக் கரண்டு போயிட்டு. மலையிலருந்து எறங்கி வந்து ஆவலா கேப்பியளேன்னு, நானா ஒண்ணு சொன்னேன்.”

“மத்த நாள்?”

“மத்த நாள் கரண்டு இருந்துச்சு.” கீரையை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “கதை நல்லால்ல.”

ஆலை தீப்பிடித்தபோது மாமியார் முதலில் பசுவை அவிழ்த்தாளே, அது? அவளுடையது. இளைய மருமகள் தாலிக்குப் பதில் தன் தையல் இயந்திரத்தை அடகு வைக்கச் சொன்னாளே? அதுவும். கிழவிக்கு வெற்றிலைப் பழக்கத்தையே கொடுத்தவள் இவள். பக்கத்து வீட்டு உரல் ஓசை அப்போது காதில் விழுந்ததாம், போட்டுவிட்டாளாம். ஈராண்டுக் காலம் நான் எவருடைய தொடரைப் பார்த்தேன் என்பது அந்தக் கீரைக்கட்டுக்கு முன்னால்தான் எனக்கு விளங்கியது. கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. “அந்தத் தையல் மிஷினை அடகுலருந்து மூட்டாளா இல்லையா? நீ சொல்லவே இல்லியே” என்றுதான் கேட்கத் தோன்றியது.

மறுநாள் கடைக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, என் வாக்குப்படி விலகுவதாகவும் தெரிவித்தேன்.

“அட, மதினி பெரிய ஆளுல்லா!” என்று அண்ணாச்சி தொடையில் தட்டினார். “விலகுதாராம்ல விலக! உக்காரும் வே.”

“சொன்ன சொல்லு என்ன ஆகும்?” என்றேன். டீச்சரும் தலையசைத்து, “அண்ணே சொன்னது சொன்னதுதான்” என்றார். அவர் குரல் கொஞ்சம் தணிந்திருந்தது.

இரண்டு நாள் வீட்டில் இருந்தேன். மூன்றாம் நாள் ஒரு வழி தோன்றியது. சபையிலிருந்துதான் விலகினேன்; கடையிலிருந்து அல்ல. வாடிக்கையாளனாகப் போய் ஒரு கரண்டியை எடுத்து, அதன் காம்பையும் குழிவையும் நெடுநேரம் ஆராய்ந்தேன். நான் வழக்கமாக அமரும் முக்காலிக்கும் எனக்கும் நான்கடி தூரம். சபையின் பேச்சு முழுவதும் கேட்டது. மறுநாள் வடை அரித்தெடுக்கும் சாரணி ஒன்று வாங்கினேன். அதற்கடுத்த நாள் தேங்காய்த் துருவி. “வீட்டுல என்ன கல்யாணமா?” என்று மனைவி கேட்டாள்.

ஒரு வாரம் சென்றிருக்கும். நான் வடிதட்டு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துத் துளைகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் என்னைப் பாராமலே அண்ணாச்சியிடம் சொன்னார்: “நான்காம் பத்தியை அடிச்சிட்டேன். ஆனா கடைசியில ‘இப்படியும் எடுக்கலாம்’னு ஒரு பத்தி சேக்கணும். அந்த உரல் காட்சி இல்லாம மனுவுல உசுரே இல்ல. மூணு தடவை எழுதிப் பாத்துட்டேன், எனக்கு வரல. கடைக்கு வந்திருக்கிற யாருக்காவது தெரிஞ்சா எழுதிக் கொடுக்கட்டும்.”

“வடிதட்ட வைய்யும் வே” என்றார் அண்ணாச்சி.

முக்காலியில் அமர்ந்து எழுதினேன். காட்சியை இயற்றியவர் என் மனைவி என்று முதல் வரியிலேயே குறித்தேன். டீச்சர் படித்துப் பார்த்து, சிவப்புப் பேனாவை மூடிவிட்டு நீலப் பேனாவால் கையெழுத்திட்டார். அண்ணாச்சியும் இட்டார். இனி இயற்றியவரின் கையெழுத்து மட்டுமே பாக்கி.

மனைவி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அந்தப் பத்தியை இருமுறை வாசித்தாள். பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.

“‘உரலைக் கையில் ஏந்திச் சென்றாள்’னு போட்டிருக்கிய. அவ ஏந்திட்டா போனா? கோவத்துலல்லா இருக்கா. இடுப்புல இடுக்கிட்டு வெடுக்குனு போனா. அத மாத்துங்க, போடுதேன்.”

மாற்றினேன்.