மிதப்பு கட்டாத வலை

வைத்திலிங்கம் தன் நிழலையே நம்பாதவன். டீக்கடையில் இரண்டு பேர் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்பான். மீன் வாங்க வருகிறவர் வழக்கத்துக்கு மாறாக விலை கேட்காமல் வாங்கினால், அதற்கும் ஒரு காரணம் தேடுவான். வீராணம் ஏரியில் அவனுக்குப் பக்கத்துப் படகுக்காரன் நான். இருபது வருடம் அவனோடு பழகியும் என் துடுப்பை அவன் இரவல் கேட்டதில்லை. கொடுத்தால் என்ன எதிர்பார்ப்பேனோ என்று பயம்.

நாங்கள் எல்லாரும் சாயங்காலம் வலையை இறக்கி, மேலே மிதப்பு கட்டிவிட்டு, விடிந்ததும் போய் எடுப்போம். மிதப்பைப் பார்த்தால் யார் வலை என்று தெரியும், அடுத்தவன் தொடமாட்டான். வைத்திலிங்கம் மட்டும் மிதப்பு கட்டுவதில்லை. கண்ணில் பட்டால்தானே திருடுவான் என்று வலையை முழுக்க அமிழ்த்திவிடுவான். இடத்துக்குக் குறி வைத்துக்கொள்வான். கரையில் ஒற்றைப் பனைக்கு நேர் பின்னால் செல்போன் டவர் வரவேண்டும்; அதே நேரத்தில் ரைஸ் மில் புகைபோக்கி மதகுக்கு நேராக வரவேண்டும். அங்கே கொக்கியை விட்டுத் துழாவினால் வலை மாட்டும். இந்தக் குறி தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அவனும், அவன் படகில் கூட வரும் மச்சான் தேவநாதனும். மனைவி சௌந்தரத்தின் ஒரே தம்பி அவன்.

2007 மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை வைத்திலிங்கம் தனியாகப் போனான். தேவநாதன் முந்தின நாளே குறிஞ்சிப்பாடியில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தான். நல்ல பனி. குறி பார்த்துக் கொக்கியை விட்டால் ஒன்றும் மாட்டவில்லை. ஒரு மணி நேரம் துழாவிவிட்டுக் கரைக்கு வந்தான். முகம் கறுத்துக் கிடந்தது.

வெயில் ஏறியதும் இன்னொரு தடவை தேடிப் பார் என்று நான் சொன்னேன். கேட்கவில்லை. வலையைத் தேடுவதை விட்டுவிட்டுத் திருடனைத் தேட ஆரம்பித்துவிட்டான். திருடனும் தயாராக இருந்தான். குறி தெரிந்த ஒருவன், அன்றைக்கென்று பார்த்து ஊரில் இல்லாதவன்.

கரை மாரியம்மன் கோயிலில், ஊர் பார்க்க, வைத்திலிங்கம் கேட்டபடி, வலையைத் தொடவில்லை என்று தேவநாதன் சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். எங்கள் பக்கம் சத்தியம் கேட்டவனும் செய்தவனும் அதற்குப் பிறகு ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டுக் கை நனைப்பதில்லை. தேவநாதன் மறுவாரமே கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்விட்டான். சௌந்தரம் புருஷனோடு பேசுவதைச் சாப்பாட்டு நேரத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

முதல் கோடையில் ஏரி அவ்வளவாக வற்றவில்லை. அடுத்த கோடையில் எங்கள் பக்கம் தரை தெரிந்தது. அதற்குள் வைத்திலிங்கத்தின் மகள் அமராவதிக்கு ஆனியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. தாய்மாமன் வந்து மாலை எடுத்துக் கொடுக்காமல் மணையில் உட்காரமாட்டேன் என்று அந்தப் பெண் தீர்மானமாகச் சொல்லிவிட்டது.

அந்த வாரம்தான் நானும் அவனும் சேற்றில் நடந்து போகையில் வலை காலில் சிக்கியது. கல் கட்டிய முடிச்சு அவனுடையது. கண்ணிகளில் மீன் முள் அப்படியே இருந்தது.

"அவனேதான் கொண்டாந்து போட்டுட்டுப் போயிருக்கான்" என்றான் வைத்திலிங்கம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் தோளைப் பிடித்துக் கரைப்பக்கம் திருப்பினேன். பனைக்குப் பின்னால் பழைய டவர் நேராக நின்றது. ஐம்பது தப்படி தள்ளி, அந்த மார்கழிக்கு முந்தின மாதம் எழுப்பிய புது டவர் நின்றது. அன்றைய பனியில், உச்சியில் விளக்கு எரிந்த புதுசு மட்டும்தான் இவன் கண்ணில் பட்டிருக்கிறது. அதைப் பழசு என்று நினைத்து வேறு இடத்தில் துழாவியிருக்கிறான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வைத்திலிங்கம் வெகுநேரம் இரண்டு டவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு செம்மங்குப்பம் போனான். கம்பெனி கேட்டுக்கு வெளியே தேவநாதன் வந்து நின்றான். வைத்திலிங்கம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, தப்பு தன்னுடையது என்று கையைப் பிடித்தான். தேவநாதன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"வல கெடைக்காம போயிருந்தா வந்திருப்பீங்களா மாமா?" என்று கேட்டான்.

வைத்திலிங்கம் பொய் சொல்லத் தெரியாதவன். இல்லை என்று தலையை அசைத்தான்.

"அமராவதி எங்க அக்கா மவ. அவளுக்கு என்ன செய்யணுமோ செய்யுறேன். நீங்க போங்க."

சொன்னபடியே கல்யாணத்துக்கு வந்தான். பட்டும் வளையலும் சீர் வைத்தான். மாலை எடுத்துக் கொடுத்தான். அமராவதி அவன் காலில் விழுந்து எழுந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டான். முதல் பந்திக்கு இலை போட்டதும் சௌந்தரம் தம்பியைத் தேடிப் பந்தல் முழுக்கச் சுற்றினாள். அவன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் காட்டுமன்னார்கோயில் பஸ் ஏறியிருந்தான்.

எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு வைத்திலிங்கம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சின்னுதான் போயிருப்பான், இல்ல?" என்றான்.

ஒருவனைப் பற்றி அவன் நல்லவிதமாக நினைக்கப் பார்த்ததை அன்றுதான் முதல்முறையாகக் கண்டேன். அந்த வழியில் அரை மணிக்கு ஒரு பஸ் உண்டு என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.