இரத்தினம் விழுங்கிய தோடு

ஜெர்மனியின் ஊன்ட்றொப்பில் யாருக்காவது மூக்குத்தியோ கார்த் திறப்போ தொலைந்தால், முதலில் அம்பாளுக்கு நேர்த்தி வைப்பார்கள், அடுத்து இரத்தினத்துக்குப் போன் எடுப்பார்கள். அம்பாள் ஆறுதலாகத்தான் வருவாள். இரத்தினம் உலோகம் தேடும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு கால் மணித்தியாலத்தில் சைக்கிளில் வந்து நிற்பார்.

அவருக்கு பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை. ஓய்வு நாள் என்றால் லிப்பே ஆற்றங்கரை வயல்கள். முறைப்படி அன்ட்ராக் என்ற விண்ணப்பம் எழுதி, அரசாங்க அனுமதி எடுத்து, வயல்காரரிடமும் கேட்டுவிட்டுத்தான் இறங்குவார். பத்து வருடத்தில் பியர் மூடிகள் ஒரு வாளி, துருப்பிடித்த ஆணிகள் இரண்டு வாளி, யாரோ ஒரு ஜெர்மன்காரரின் கட்டுப்பல். அந்தப் பல்லையும் பொலிஸில் ஒப்படைத்து ரசீது வாங்கியவர் அவர். அவ்வளவு நேர்மையை வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு மரியாதையும் கிடைக்கவில்லை.

"மற்ற ஆம்பிளையள் வீட்டுக்குத் தங்கம் கொண்டு வருகினம். இவர் துரு கொண்டு வாறார்" என்று மனைவி சிவகௌரி போனில் ஊரெல்லாம் சொல்லுவார்.

மகன் சுலக்சனின் பொன்னுருக்குக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் கருவி ஒரு வயலோரத்தில் வீரிட்டது. இரத்தினம் மண்ணைக் கிளறினார். விரல் நகத்தளவு வளைந்த துண்டு, நுனியில் மிளகுபோல ஒரு குண்டு. தங்கம். உடைந்த தோடு. படத்தை அனுப்பி, தொல்பொருள் கந்தோருக்குப் போன் எடுத்தார். மறுமுனையில் இருந்த பெண் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு, உரோமர் காலத்துத் தோடாக இருக்கலாம், இரண்டாயிரம் வருடம் பழையதாக இருக்கலாம், செவ்வாய்க்கிழமை டெர்மின், நேரில் கொண்டு வர வேண்டும், அதுவரை கழுவவும் வேண்டாம், கையை விட்டுப் போகவும் வேண்டாம் என்றாள்.

கையை விட்டுப் போகாத இடம் எது? இரத்தினம் அதைச் சாமித்தட்டில், அம்பாள் படத்தின் காலடியில் வைத்தார். சிவகௌரியிடமும் விஷயத்தைச் சொன்னார். இரண்டு வாளி ஆணியைப் பார்த்த மனுசி அதை நம்புவாரா?

பொன்னுருக்கு என்றால் சின்னக் காரியமில்லை. மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்துப் பொன் நாணயம் ஒன்றை உருக்கி, அந்தப் பொன்னில்தான் தாலி செய்வார்கள். ஞாயிறு காலை வரவேற்பறை நிறையச் சனம். எசன் நகரிலிருந்து வந்த, தாலி செய்யும் ஐங்கரன் பத்தர் அடுப்போடு தயாராக இருந்தார். எல்லோரும் தொட்டுக் கும்பிடத் தாம்பாளம் சுற்றி வந்து, கடைசியாக இரத்தினத்தின் முன் நின்றது. வெற்றிலையில் பொன் நாணயம். அதன் பக்கத்தில், பல்லுப்பொடி போட்டுத் தேய்த்து, குங்குமப் பொட்டும் வைத்து, அந்தத் தோடு.

இரத்தினம் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"அம்பாள் தந்த பொன். உடைஞ்ச நகையை வீட்டில வச்சிருக்கக் கூடாது. பிள்ளையின்ர தாலியில சேரட்டும்" என்று சிவகௌரி காதுக்குள் சொன்னார்.

நெருப்பில் வைத்தால் இரண்டு நிமிடம். இரண்டாயிரம் வருடமும், வாழ்நாளில் அவர் கண்டெடுத்த ஒரே ஒரு பெறுமதியான பொருளும் முடிந்துவிடும். நிப்பாட்டுங்கோ என்று கத்தலாம்தான். ஆனால் பொன்னுருக்கில் அந்தச் சொல் வாயில் வந்தால் சம்பந்தி வீட்டார் பேரப்பிள்ளைகள் காலம்வரை சொல்லிக் காட்டுவார்கள். கும்பிடுவதுபோலக் குனிந்து, தோட்டைக் கைக்குள் எடுத்தார். பட்டுவேட்டியில் பையில்லை. வெற்று மேல். எதிரே மணப்பெண் கவிசாவின் பெரியம்மா கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இரத்தினம் இருமினார். தோடு வாய்க்குள் போனது.

"அண்ணை, உருக்கட்டே?" என்று கேட்டார் பத்தர்.

"ம்ம்."

"மாப்பிள்ளையின்ர தேப்பன் வாய் திறந்து சொல்ல வேணும் அண்ணை. நல்ல நேரம் போகுது."

சபை முழுவதும் அவர் வாயைப் பார்த்தது. தோட்டைக் கன்னத்தில் ஒதுக்கி, "ஓம்" என்றார் இரத்தினம். அந்த ஓமோடு உரோமாபுரி தொண்டைக்குள் இறங்கியது.

"தட்டில ரெண்டு கிடந்தது. ஒண்டைக் காணேல்லை" என்றார் பெரியம்மா.

எல்லோரும் தாம்பாளத்தை எட்டிப் பார்த்தார்கள். சம்பந்தியே தாலிப்பொன்னைத் திருடினான் என்ற பேரைவிடச் சாவது மேல் என்று இரத்தினத்துக்குப் பட்டது.

"நான்தான் விழுங்கிப்போட்டன்" என்றார். "அது கண்டெடுத்த தோடு. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி ஆரோ ஒரு மனுசி போட்டது. அரசாங்கத்திட்டக் குடுக்க வேணும்."

பெரியம்மா எழுந்தே விட்டார். "செத்தவளின்ர தோடோ! எங்கட பிள்ளையின்ர தாலியிலயோ!" இரண்டு கையையும் கூப்பினார். "சம்பந்தி, நீங்கள் விழுங்கியெல்லோ எங்களைக் காப்பாத்தினியள்!"

நாணயம் மட்டும் உருகியது. சிவகௌரி அன்று முழுவதும் கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை வைத்தியர் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்தார். தோடு குடலில் ஒழுங்காகத்தான் பயணம் செய்கிறது, நிறையப் பழம் சாப்பிடுங்கள் என்றார். டெர்மினுக்கு முன் வந்து சேருமா என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. சிவகௌரி முகத்தைத் திருப்பிக்கொண்டே பப்பாப்பழம் வெட்டிக் கொடுத்துக்கொண்டேயிருந்தார். செவ்வாய் விடியற்காலை இரத்தினம் குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது, அந்த முகத்தைப் பார்த்தே மனுசிக்கு விளங்கிவிட்டது.

இருவரும் சேர்ந்தே கந்தோருக்குப் போனார்கள். அதிகாரிப் பெண் தோட்டை வெறும் உள்ளங்கையில் ஏந்தி, பூதக்கண்ணாடியால் பார்த்து, உரோமர் காலத்ததுதான், என்ன அழகான வேலை என்று உருகிப்போனாள். பிறகு படிவத்தை எடுத்து, கண்டெடுத்த நாளிலிருந்து இதை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள்.

சிவகௌரி அவரது கையைக் கிள்ளினார். இரத்தினத்துக்குப் பொய் வராது. ஒன்றும் விடாமல் சொன்னார்.

அந்தப் பெண் தோட்டை மெதுவாகப் பஞ்சில் வைத்தாள். எழுந்துபோய்க் கை கழுவினாள். கையுறை போட்டுக்கொண்டு வந்து படிவத்தில் அந்தக் கேள்விக்குரிய கட்டத்தில் நெடுநேரம் எழுதினாள். கடைசியாக, கண்டெடுத்தவர் பெயர் என்ன என்றாள்.

இரத்தினம் வாய் திறக்குமுன் சிவகௌரி முந்திக்கொண்டு, பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி எழுதுவித்தார். எழுதியதைத் திருப்பி வாங்கி வாசித்தும் பார்த்தார். இரத்தினத்துக்குக் கண் கலங்கியது.

பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் மனுசி அவரோடு முகம் கொடுத்துப் பேசினார்.

"சனிக்கிழமை எந்த வயலுக்குப் போறியள்?"

"ஏன் கேக்கிறீர்?"

"நானும் வாறன். தனிய விட்டா இன்னும் எதை விழுங்கிப்போட்டு வருவியளோ."